தட்டுக்கு வந்த மருந்து – 9: நகர்ந்துகொண்டே போன பூஜ்யம்

பாலில் பெனிசிலின் கலந்திருப்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் மருத்துவர்கள் அல்ல, பாலாடைக்கட்டி செய்பவர்கள் என்று சென்ற இதழில் பார்த்தோம். மடிநோய்க்கு மருந்து ஏற்றிய மாட்டின் பாலில் உறை பிடிக்கவில்லை. உறைய வைக்கும் பாக்டீரியாவை மருந்து முடக்கிவிட்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் அந்தத் தொல்லையையே சோதனையாக மாற்றினார்கள். டெல்வோடெஸ்ட் என்ற அந்தச் சோதனையின் குப்பிக்குள் சிறிது பால் விட்டு 64 டிகிரி சூட்டில் இரண்டரை மணி நேரம் வைத்தால் ஊதா நிறம் மஞ்சளாகும். ஊதாவாகவே நின்றுவிட்டால் பாலில் மருந்து இருக்கிறது.

அங்கே கேட்ட கேள்வி எளிமையானது: நுண்ணுயிர் வளர்கிறதா, இல்லையா? இந்த இதழில் நாம் மாட்டுக் கொட்டகையை விட்டு இறால் குட்டைக்கு வருகிறோம். இங்கே அந்தக் கேள்வி உதவாது. ஒரு நுண்ணுயிரைச் சீண்டக்கூடத் திராணியில்லாத அளவுக்குச் சொற்பமான மருந்தைத் தேட வேண்டியிருந்தது. தேடியவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். விலை கொடுத்தவர்கள் ஆசியக் கடலோரங்களில் இருந்தார்கள்.

டைபாய்டை வென்ற மருந்து

2001 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ஓர் ஆணை போட்டது. சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வரும் இறால் சரக்குகளை குளோரம்பெனிக்கால் இருக்கிறதா என்று சோதித்த பிறகே உள்ளே விட வேண்டும்.

அந்த மருந்து நமக்கு அந்நியமானதல்ல. நம் நாட்டில் டைபாய்டு வந்த ஒரு தலைமுறையே அதைச் சாப்பிட்டுத்தான் எழுந்து உட்கார்ந்தது. 1947-இல் வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரிக்கப்பட்ட பொருள் அது. அமெரிக்காவின் பார்க் டேவிஸ் நிறுவனம் அதை குளோரோமைசெட்டின் என்ற பெயரில் விற்றது. 1948-இல் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் ஒரு மருத்துவக் குழு மலாயாவுக்குப் போய், உண்ணிக் காய்ச்சல் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தது. அவர்களில் சிலருக்கு வந்திருந்தது உண்ணிக் காய்ச்சல் அல்ல, டைபாய்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்களும் பிழைத்தார்கள். டைபாய்டை அடக்கும் மருந்து அப்படித்தான், தேடாத இடத்தில் கிடைத்தது.

சில ஆண்டுகளிலேயே மறுபக்கம் தெரிந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் பல ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திக்கொண்டது. மருந்தை நிறுத்தி வாரங்களோ மாதங்களோ கழித்துக்கூட இது வந்தது. வந்தவர்களில் பலர் பிழைக்கவில்லை. மருத்துவர்களை அதிகம் குழப்பிய விஷயம் வேறு. அதிகம் சாப்பிட்டவருக்கு அதிக ஆபத்து, குறைவாகச் சாப்பிட்டவருக்குக் குறைந்த ஆபத்து என்ற ஒழுங்கு இந்தப் பக்கவிளைவில் இல்லை.

நம் கதைக்கு அச்சாணி இதுதான். மற்ற கால்நடை மருந்துகளுக்கு, இவ்வளவு வரை எச்சம் இருந்தால் கேடில்லை என்று ஒரு வரம்பு போட முடிகிறது. ஆக்சிடெட்ராசைக்ளினுக்கு ஐரோப்பா வைத்த வரம்பு கிலோவுக்கு 100 மைக்ரோகிராம். குளோரம்பெனிக்காலுக்கு அப்படி ஒரு பாதுகாப்பான அளவைச் சொல்ல எந்த நிபுணர் குழுவாலும் முடியவில்லை. 1994-இல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பா விலக்கியது. அனுமதித்த அளவு பூஜ்யம்.

பூஜ்யம் என்றால் எவ்வளவு?

சட்டத்தில் பூஜ்யம் என்று எழுதிவிடலாம். ஆய்வகத்தில் அப்படி ஓர் எண் கிடையாது. அங்கே இருப்பது 'என் கருவிக்குத் தெரியவில்லை' என்ற பதில் மட்டும்தான்.

அமெரிக்கச் சட்டம் இதை முன்பே வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தது. புற்றுநோய் உண்டாக்கும் எதையும் உணவில் சேர்க்கக் கூடாது என்றது 1958-இன் டெலனி விதி. மாட்டைக் கொழுக்க வைக்கக் கொடுத்த டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் ஹார்மோனுக்காக 1962-இல் அதில் ஒரு விலக்கைச் சேர்த்தார்கள்: அரசு அங்கீகரித்த சோதனை முறையில் எச்சம் தென்படாவிட்டால் கொடுக்கலாம். எச்சம் உண்டா இல்லையா என்பதைச் சோதனை முறை தீர்மானிக்கும் என்று சட்டமே எழுதிக்கொடுத்தது போல ஆயிற்று. முறை கூர்மையாகக் கூர்மையாக அந்த ஹார்மோன் தென்படத் தொடங்கியது. கடைசியில் 1979-இல் அதற்குத் தடை வந்தது.

குளோரம்பெனிக்கால் கதையிலும் அதேதான் நடந்தது. 2002-க்கு முன் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் சோதனை முறைக்கு இறாலில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் இருந்தால்தான் தெரியும். அந்த ஆண்டிலேயே அதை 1 ஆக்கி, பிறகு 0.3 ஆக்கினார்கள். இறால் மாறவில்லை. அதற்கு முந்தின ஆண்டு சுத்தம் என்று உள்ளே போயிருக்கக்கூடிய சரக்கு இப்போது மாட்டிக்கொள்ளும்.

0.3 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? 1,000 டன் இறாலில் 0.3 கிராம். டைபாய்டுக்கு மருத்துவர் கொடுத்த ஒரு காப்ஸ்யூலில் 250 மில்லிகிராம் மருந்து உண்டு. இந்த அளவு எச்சமுள்ள இறாலைச் சாப்பிட்டு அந்த ஒரு காப்ஸ்யூல் மருந்தை உடம்பில் ஏற்ற வேண்டுமானால் 833 டன் இறால் சாப்பிட வேண்டும். ஏற்றுமதியாளர்கள் இந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கணக்கு சரி. ஆனால் பாதுகாப்பான அளவு இன்னது என்று தெரியாத மருந்துக்கு அது பதிலாகாது என்று ஐரோப்பா சொன்னது. அதுவும் சரி. இரண்டு சரிகளுக்கு நடுவில் கண்டெய்னர்கள் துறைமுகங்களில் நின்றன.

2002 ஜனவரி கடைசியில் சீனாவின் விலங்கு உணவுப் பொருள்கள் பெரும்பாலானவற்றுக்கு ஐரோப்பா கதவைச் சாத்தியது. இறால், தேன், கோழி, முயல் இறைச்சி எல்லாம் அதில் அடக்கம். அந்தத் தடை படிப்படியாகத் தளர ஈராண்டுக்கு மேல் ஆயிற்று. அதே 2002 மார்ச்சில் தாய்லாந்தின் முறை. உலகத்துக்கே இறால் அனுப்பிக்கொண்டிருந்த நாடு, இனி ஒவ்வொரு சரக்கையும் சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்ற நிலைக்கு வந்தது. அங்கே குளோரம்பெனிக்காலோடு இன்னொரு குற்றவாளியும் தேடப்பட்டது.

ஒளிந்துகொண்ட மருந்து

நைட்ரோஃப்யூரான்கள் மஞ்சள் நிறத் தூள்கள். விலை மலிவு. ஃபியூராசோலிடோன் என்ற அதன் வகையை வயிற்றுப்போக்குக்கு மாத்திரையாக நம் ஊரிலும் விழுங்கியிருக்கிறார்கள். பன்றி, கோழித் தீவனத்தில் கலந்தார்கள். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் விப்ரியோ நோயை அடக்கத் தண்ணீரில் போட்டார்கள். புற்றுநோய் சந்தேகத்தால் 1990-களின் நடுவிலேயே ஐரோப்பா இவற்றை முழுதும் விலக்கிவிட்டது.

விலக்கிய பிறகு ஆய்வகங்கள் இறைச்சியில் இந்த மருந்தைத் தேடின. கிடைக்கவில்லை. தடை வேலை செய்கிறது என்று எண்ணிக்கொள்ள அதுவே வசதியாக இருந்தது.

உண்மை வேறு. இந்த மருந்து விலங்கின் உடலில் சில மணி நேரத்துக்கு மேல் முழுசாக நிற்பதில்லை, உடைந்துவிடுகிறது. ஆனால் உடைந்த துண்டு வெளியேறிப் போவதில்லை, தசையின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நெதர்லாந்தின் வாஹனிங்கன் நகரத்தில் ரான் ஹூகன்போம் முதலியோர் 1990-களின் தொடக்கத்தில் பன்றியின் செல்களில் இதைக் காட்டினார்கள். மருந்து கொடுத்து வாரக்கணக்கில் ஆன பிறகும் துண்டு அங்கேயே இருந்தது. சமைத்தாலும் போகவில்லை. ஆய்வகங்கள் இத்தனை நாளும் ஆளைத் தேடின; தேடியிருக்க வேண்டியது ஆள் விட்டுப்போன தடயத்தை.

அந்தத் தடயத்தைப் பிடிக்கும் முறையை வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் இருந்து நடத்தப்பட்ட 'ஃபுட்பிராண்ட்' என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் செப்பனிட்டது. ஓர் ஆய்வக மேசையில் அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

தோலுரித்த இறால் தசையை அரைத்து ஒரு கிராம் அளவு எடுக்கிறார்கள். மேலே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுகிறார்கள். புரதத்தோடு ஒட்டிய துண்டை அமிலம் கழற்றிவிடும். கழன்ற துண்டு மிகச் சிறியது, கருவிக்குச் சரியாகப் படாது. அதனால் நைட்ரோ பென்சால்டிஹைடு என்ற பொருளையும் கூடவே சேர்த்து, துண்டின்மேல் அதை ஏற்றிப் பெரிதாக்குகிறார்கள். இந்த இரண்டு வேலையும் நடக்க, குழாய் 37 டிகிரி சூட்டில் ஓர் இரவு முழுக்க, சுமார் 16 மணி நேரம், குலுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மறுநாள் காலை அமிலத்தைச் சமன்செய்து, எத்தில் அசிட்டேட் கரைப்பானில் பிரித்தெடுத்து, நைட்ரஜன் காற்றில் உலர்த்தி, மிஞ்சியதைக் கருவிக்குள் செலுத்துகிறார்கள்.

கருவியின் முதல் பகுதி கலவையைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளிவிடும். இரண்டாம் பகுதியான நிறைமாலைமானி மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து எடை பார்க்கும். ஃபியூராசோலிடோனின் தடயமான ஏ.ஓ.இசட். துண்டு, ஏற்றிய பொருளோடு சேர்ந்து 236 என்ற எடையில் வரும். அந்த எடையுள்ளதை மட்டும் உள்ளே விட்டு, வாயுவில் மோதவிட்டு உடைப்பார்கள். 134, 104 என்ற இரண்டு சில்லுகள் கிடைக்க வேண்டும். அவை இரண்டும் இருக்க வேண்டிய விகிதத்தில் இருக்க வேண்டும். தூய மாதிரி எந்த நிமிடத்தில் வெளிவந்ததோ அதே நிமிடத்தில் இதுவும் வர வேண்டும்.

இதற்கு ஐரோப்பா 2002-இல் மதிப்பெண் முறையே வகுத்தது. முதல் எடையைக் கண்டால் 1 புள்ளி. ஒவ்வொரு சில்லுக்கும் ஒன்றரைப் புள்ளி. தடைசெய்யப்பட்ட மருந்து என்று அறிக்கையில் எழுத மொத்தம் 4 புள்ளி தேவை. ஒரு நாட்டின் ஏற்றுமதியையே நிறுத்தக்கூடிய தீர்ப்பு, ஒன்றும் ஒன்றரையும் ஒன்றரையும் கூட்டினால் வரும் 4-இல் நின்றது.

இந்த வலை ஆசியாவை மட்டும் பிடிக்கவில்லை. 2003 தொடக்கத்தில் போர்ச்சுகலின் கோழிப் பண்ணைகளில் நைட்ரோஃப்யூரான் அகப்பட்டுப் பெரிய அமளி ஆயிற்று. ஐரோப்பாவுக்குள்ளேயே தடையை மீறியவர்கள் இருந்தார்கள். பழைய சோதனை அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தேர்வு எழுதியவர் ஒருவர், தோற்றவர் வேறொருவர்

இதற்கிடையே இன்னொரு அவலம் இருந்தது. ஐரோப்பிய நாடு ஒவ்வொன்றின் ஆய்வகத்திலும் ஒவ்வொரு விதமான கருவி. கூர்மையான கருவி உள்ள துறைமுகத்தில் தோற்கும் சரக்கு, பழைய கருவி உள்ள துறைமுகத்தில் தேறிவிடலாம். இதைச் சரிசெய்ய 2003 மார்ச்சில் ஓர் அளவுகோல் வைத்தார்கள். எல்லா ஆய்வகமும் குறைந்தது குளோரம்பெனிக்காலில் 0.3, நைட்ரோஃப்யூரான் தடயத்தில் 1 மைக்ரோகிராம் அளவையாவது காணும் திறன் பெற்றிருக்க வேண்டும்.

கவனியுங்கள், இது ஆய்வகங்களுக்கு வைத்த தேர்வு. இறாலுக்கு வைத்ததல்ல. ஆனால் 2005-இல் இதே எண்களையே சரக்கை ஏற்பதற்கும் மறுப்பதற்குமான கோடாக ஆக்கிவிட்டார்கள். மனித உடம்புக்கு எவ்வளவு கேடு என்று கணக்கிட்டு வந்த எண் அல்ல அது. 2003-இல் ஐரோப்பிய ஆய்வகங்களின் கருவி எவ்வளவு நுட்பமாகப் பார்த்தது என்பதன் பதிவு. அதுவே கடலோர விவசாயியின் தலையெழுத்தானது.

இந்தியக் கடலோரத்துக்கும் அந்தக் கோடு வந்து சேர்ந்தது. கொச்சியில் தலைமையகம் உள்ள கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் 20 வகை மருந்துகளையும் வேதிப்பொருள்களையும் விலக்கப்பட்டவை என்று பட்டியலிட்டது. குளோரம்பெனிக்காலும் நைட்ரோஃப்யூரான்களும் அதில் முன்வரிசை. இறால் பண்ணைகளால் நிலமும் நிலத்தடி நீரும் உப்பாகின்றன என்று தமிழ்நாட்டு காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன் வழிவந்த கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையம் 2005-இன் சட்டப்படி சென்னையில் இயங்குகிறது. பண்ணையைப் பதிவுசெய்யும் அந்த ஆணையமும் இந்த மருந்துகளுக்குத் தடை சொன்னது.

ஐரோப்பாவுக்குப் போகும் இறாலைப் பிடிப்பதற்கு முன்பே மாதிரி எடுத்து எலிசா சோதனை செய்து சான்றிதழ் வாங்கும் ஏற்பாடு வந்தது. எலிசா தட்டில் 96 குழிகள். குழியின் அடியில் மருந்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் பூசியிருக்கும். இறால் சாற்றோடு, நிறம் தரும் நொதி கட்டிய போலி மருந்தையும் அதில் விடுவார்கள். இறாலில் உண்மையான மருந்து இருந்தால் அது இடம்பிடித்துவிடும், போலிக்கு இடமிருக்காது, நிறம் வெளுக்கும். நிறம் அடர்ந்து நின்றால் விவசாயிக்கு நல்ல சேதி. வெளுத்தால் மாதிரி பெரிய கருவிக்குப் போகும்.

இவ்வளவு செய்தும் சரக்குகள் ஐரோப்பாவில் சிக்கிக்கொண்டுதான் இருந்தன. 2010-இல் இந்தியாவிலிருந்து வரும் வளர்ப்பு இறால் சரக்குகளில் 20 சதவீதத்தையாவது எல்லையில் சோதிக்க வேண்டும் என்றது ஐரோப்பா. பிறகு சற்றுத் தளர்ந்தது. 2016-இல் ஒரேயடியாக 50 சதவீதம் ஆயிற்று. குட்டைக்காரர் தெரிந்தே மருந்து போட்டால்தான் எச்சம் வரும் என்பதில்லை. குஞ்சு வாங்கிய பொரிப்பகத்தில் போட்டிருக்கலாம். உள்ளே என்ன என்று எழுதாத 'வளர்ச்சி டானிக்' பொட்டலத்தில் இருந்திருக்கலாம். சோதனைக்கு யார் போட்டது என்று தெரியாது. எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

மருந்தே போடாத இறால்

சில சமயம் அதுகூடச் சரியாகத் தெரியவில்லை. நைட்ரோஃப்யூராசோன் என்ற வகையின் தடயம் செமிகார்பசைடு. 2003-இல் கண்ணாடிப் புட்டியில் அடைத்த குழந்தை உணவுகளில் அது தென்பட்டது. குழந்தை உணவுக்கு யார் மருந்து போட்டார்கள்? யாரும் போடவில்லை. புட்டி மூடியின் உள்வளையத்தை நுரைக்க வைக்கச் சேர்த்த அசோடைகார்பனமைடு சூட்டில் உடைந்து அந்தத் துண்டைத் தந்திருந்தது. 2005 ஆகஸ்டிலிருந்து மூடிகளில் அதன் பயன்பாட்டை ஐரோப்பா நிறுத்தியது.

வங்கதேசத்துக்கு இவ்வளவு சுலபமாக விடை கிடைக்கவில்லை. குல்னா, பாகர்ஹாட் பக்கத்து வயல்களில் நெல்லோடு சேர்த்து 'கல்தா' என்ற நன்னீர் இறாலை வளர்க்கிறார்கள். நீண்ட நீலக் கொடுக்கு உள்ள பெரிய இறால் அது. அதில் செமிகார்பசைடு திரும்பத் திரும்ப அகப்பட்டது. 2009 மே மாதம், ஐரோப்பா தடை போடுமுன் வங்கதேசத்தார் தாங்களே நன்னீர் இறால் ஏற்றுமதியைச் சில மாதங்களுக்கு நிறுத்திக்கொண்டார்கள். கொள்வாரில்லாமல் விலை சரிந்தது.

பிறகு பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்திலும் பெல்ஃபாஸ்டிலும் நடந்த ஆய்வுகளில் விஷயம் வெளிவந்தது. மருந்தே படாமல் வளர்த்த கல்தாவின் ஓட்டிலும் செமிகார்பசைடு இருந்தது. அது இயற்கையாகவே அங்கே உண்டு. ஓட்டோடு அரைத்தால் எச்சம் தென்படும், ஓட்டை நீக்கி உள்தசையை எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். வங்கதேசத்துப் பண்ணைகள் எல்லாமே குற்றமற்றவை என்று இதற்குப் பொருளில்லை, வேறு நைட்ரோஃப்யூரான் தடயங்களும் அங்கே கிடைத்ததுண்டு. ஆனால் மருந்து தொடாதவனையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் குறை இந்தச் சோதனையில் இருந்தது.

குளோரம்பெனிக்காலுக்கும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. 2010-இல் வாஹனிங்கன் ஆய்வாளர்கள் மூலிகைகளிலும் புல்லிலும் அது இயற்கையாக வருவதற்குச் சான்று காட்டினார்கள். வியப்படைய ஒன்றுமில்லை. அந்த மருந்தே மண்ணிலிருந்து வந்ததுதானே! பூஜ்யம் வேண்டும் என்று சட்டம் கேட்ட பொருளை மண் தானாகவே தயாரித்துக்கொண்டிருக்கிறது.

இருந்தும் பூஜ்யம் நிற்கவில்லை. 2022 நவம்பர் 28 முதல் ஐரோப்பாவின் கோடு குளோரம்பெனிக்காலுக்கு 0.15, நைட்ரோஃப்யூரான் தடயங்களுக்கு 0.5. கருவி கூர்மையானது, கோடு கீழே இறங்கியது. கிரேஃபிஷ் என்ற நன்னீர் இனத்தில் செமிகார்பசைடு இயற்கையாக இருக்கும் என்று இப்போது விதியே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறது. அந்தக் குறிப்பு 2009-இல் யாருக்கும் உதவவில்லை.

யாருடைய தட்டு?

ஐரோப்பா அளவுக்கு மீறிப் போயிற்று என்று சொல்லிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. ஏற்றுமதி இறாலுக்குப் பட்டியல், பண்ணைப் பதிவு, எலிசா, சான்றிதழ் என்று இவ்வளவு காவல் வந்ததே வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பினான் என்பதால்தான். உள்ளூர்ச் சந்தைக்கு வரும் மீன், கோழி, முட்டை, பாலில் இம்மருந்துகள் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் தாளில் சொல்லிக்கொண்டிருந்தன. மருந்துக் கடையிலோ தூள் கிடைத்துக்கொண்டிருந்தது. உணவுக்காக வளர்க்கும் எந்த விலங்குக்கும் குளோரம்பெனிக்காலையோ நைட்ரோஃப்யூரான்களையோ தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, இறக்குமதி செய்யக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது 2025 மார்ச்சில்தான்.

2018-இல் நடத்திய தேசியப் பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 77-இல் ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. சதவீதமாகப் பார்த்தால் 1.2, சிறிய எண்தான். ஆனால் பாலுக்கு அப்படி ஓர் எண்ணாவது இருக்கிறது. நம் ஊர்ச் சந்தையில் விற்கும் வளர்ப்பு மீனையும் இறாலையும் அதே அக்கறையோடு ஆண்டுதோறும் சோதித்து, முடிவை ஊரறியச் சொல்லும் வழக்கம் வர வேண்டும். 0.3-ஆ, 0.15-ஆ என்ற வழக்கை ஐரோப்பா தன் கருவிகளோடு நடத்திக்கொள்ளட்டும். கப்பலில் போகும் இறாலுக்கு ஒரு சோதனை, கூடையில் வரும் மீனுக்கு ஒன்றுமில்லை என்ற பேதத்தை ஒழிக்க இன்னும் கூர்மையான கருவி எதுவும் வேண்டியதில்லை. இருக்கும் கருவியையே நம் தட்டின் பக்கமும் திருப்பினால் போதும்.

(தொடரும்)